உயிரோடு இருப்பவருக்கு ஒரு படையல்

வேன் அந்த வீதியில் திரும்பும்போதே யோகராஜ் முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

கண்டி ஏரிக்கு மேலே, மரங்களுக்கிடையில் ஏறிச் செல்லும் பழைய வீதி அது. இரவு பெய்த மழையில் மதில்களின் பாசி கறுத்திருந்தது. அக்கரையில் புத்தரின் பல் இருக்கும் மாளிகையில் காலைப் பூசைக்கு அடிக்கும் மேளம் தண்ணீரைத் தாண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. நகரத்துக்கு அடியில் ஓடும் கழிவுக் குழாய்களுக்குள் சக்கரம் பூட்டிய சிறு கேமராவை அனுப்பி, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. தெருத் தெருவாகப் பார்த்து வந்தவர்களுக்கு இன்று இந்தத் தெரு. வேனுக்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேமராவை ஓட்டுபவன் யோகராஜ்.

"மிஸ், இன்னைக்குக் கீழ் ரோட்டப் பாப்போமே. இத அடுத்த கெழம வச்சுக்கலாம்."

பொறியியலாளர் றமீலா மடவளையிலிருந்து நெரிசலான பஸ்ஸில் வந்த களைப்பு தீராமல் உட்கார்ந்திருந்தாள். அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன், இந்த ரோட்டுலதான் பொண்ணு பாத்தீக்கீங்களா?"

அவனும் சிரித்து வைத்தான். முகமூடிக்குள் சிரித்தாலும் ஒன்றுதான், சிரிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

அவள் விளையாட்டாகச் சொன்னது உண்மை. பச்சைக் கேட் போட்ட அந்த வீடு சேதுராமனுடையது. டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் நிஷாந்திக்கும் யோகராஜுக்கும் ஆவணியில் கல்யாணம். அந்த வீட்டாரிடம் அவன் இரண்டு பொய்கள் சொல்லியிருந்தான். ஏதோ அலுவலகத்தில் கம்பியூட்டர் வேலை என்றது சின்னப் பொய். அப்பா இறந்துவிட்டார் என்றது மற்றது.

அப்பா கறுப்பையா, நகரத்தின் பின்புறத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் உயிரோடுதான் இருந்தார். கேமரா வராத காலத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இதே குழிகளுக்குள் இறங்கியவர். பெண் பார்க்கப் போன அன்று சேதுராமன், "அப்பா என்னா செய்றாரு தம்பி?" என்று கேட்டார். யோகராஜ் வாயைத் திறந்தான். "அப்பா இல்லைங்க" என்ற சொல் அவனைக் கேட்காமலே வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. சேதுராமனின் மனைவி புஷ்பம், "அடப் பாவமே" என்று எழுந்து வந்து அவன் தலையைத் தடவினாள். அந்தக் கை பட்ட பிறகு சொல்லைத் திருப்பி எடுக்க அவனால் முடியவில்லை.

அன்று லயத்துக்குத் திரும்பியபோது, அவனுக்காக அப்பா குடையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

கேட் திறந்தது. சேதுராமன் வெளியே வந்தார். யோகராஜ் வேன் கதவைப் பாதி சாத்திக்கொண்டு திரையின் பக்கம் குனிந்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். பின்னால கழிவுத் தண்ணி போற கான்ல ஒரு மாதிரி வாசம் வருது."

"கான்னா மணக்கத்தானே செய்யும்?" என்றாள் றமீலா.

"அந்த நாத்தம் இல்ல மேடம். சாப்பாட்டு வாசம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கருவாட்டுக் கொழம்பு. எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்காத நேரத்துல வருது. வீட்டுக்காரிக்குப் பயம்."

"எப்ப இருந்து?"

"வெள்ளிக்கெழமையில இருந்து. அன்னைக்குத்தான் சம்மந்திக்குப் படைச்சோம். மாப்பிள்ளையோட அப்பா, தவறிட்டாரு. கல்யாணத்துக்கு முந்தி அவருக்குப் புடிச்சதச் சமைச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டுப் படைக்கணும். அது எங்க வழக்கம். படைச்சத ஆத்துல விடணும்தான். அன்னைக்கு அடிச்ச மழையில கட்டுகஸ்தோட்டைக்கு யாரு போறது? எல்லாம் ஆத்துக்குப் போற தண்ணிதானேன்னு இவ பின்னால கான்லயே கொட்டிட்டா." பிறகு மேன்ஹோல் மூடியருகே நின்ற தொழிலாளர்களைப் பார்த்தார். "ஆளுங்கள மட்டும் கேட்டத் தொடாம நிக்கச் சொல்லுங்க மேடம். வீட்ல சாமி இருக்கு."

யோகராஜ் தன் கைகளைப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தன.

படையல் பற்றி அவனுக்குத் தெரியும். புஷ்பம் போன் பண்ணி, "அப்பாவுக்கு என்னா தம்பி புடிக்கும்?" என்று கேட்டபோது அவன் லயத்து அறையில், அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "கருவாட்டுக் கொழம்பு" என்றான். "பேரு?" என்றாள் அவள். அவன் பெயரைச் சொன்னான். தன் பெயரைக் கேட்ட கறுப்பையா தலையைத் தூக்கி, "என்னா தம்பி?" என்றார்.

"ஒன்னுமில்லப்பா."

ஜெட் வண்டி வந்து, அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் குழாயைக் கழுவிவிட்டுப் போனது. அதன் பிறகு உள்ளே ஒரு பருக்கைகூட நிற்காது. தொழிலாளர்கள் மூடியை நெம்பித் திறந்து கேமராவைக் கயிற்றில் இறக்கினார்கள். யோகராஜ் அதன் விளக்கைப் போட்டான்.

திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. சுட்ட மண் குழாய். ஒரு பெரிய தேங்காய் உருளும் அகலம்தான். கேமரா முன்னால் நகர நகர வெளிச்சமும் நகர்ந்தது. இருட்டு அதற்கு வழிவிட்டு விலகி, பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வீட்டுக் குழாயும் வந்து சேரும் இடத்தில் நிறுத்தி, கேமராவின் தலையைத் திருப்பி அந்த வாய்க்குள் பார்க்க வேண்டும். முதல் வீட்டிலிருந்து சவர்க்கார நுரை வந்துகொண்டிருந்தது. அடுத்ததிலிருந்து ஒன்றும் இல்லை. யாரும் வீட்டில் இல்லை போலும்.

மூன்றாவது, பச்சைக் கேட் வீடு. தலையைத் திருப்பினான்.

சோறு.

வெள்ளைச் சோறு. குழாயின் வாயில் யாரோ பரிமாறியது போலக் குவிந்திருந்தது. ஊறவில்லை. கலையவில்லை. மேலே குழம்பின் செம்மை வழிந்திருந்தது. அதிலிருந்து ஆவி எழுந்து கேமராவின் கண்ணாடியில் மெல்லப் படர்ந்தது.

"ஜெட் அடிச்ச பொறகும் இது எப்பிடி நிக்கிது?" றமீலா கிசுகிசுத்தாள்.

யோகராஜ் சோற்றைப் பார்க்கவில்லை. அதன் வலது ஓரத்தைப் பார்த்தான். அங்கே ஒரு சின்ன உருண்டை தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. கறுப்பையா எப்போதும் முதல் கவளத்தை உருட்டித் தட்டின் வலது ஓரத்தில் வைப்பார். இறந்துபோன மனைவிக்காம். அந்தப் பழக்கத்தை யோகராஜ் வேறு எவரிடமும் கண்டதில்லை.

கண்ணாடியில் ஆவி கெட்டியானது. அதற்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

விரல்கள்.

வீட்டுக் குழாயின் இருட்டுக்குள்ளிருந்து அவை வந்தன. ஒரு குழந்தைகூட நுழைய முடியாத இடத்திலிருந்து வளர்ந்த மனிதனின் விரல்கள். நெடுநேரம் தண்ணீரில் கிடந்து வெளுத்துச் சுருங்கியவை. அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. சோற்றைப் பிசைந்தன. உருட்டின. எடுத்துக்கொண்டு உள்ளே போயின.

"எலியா அது? ஒன்னும் வெளங்குதில்ல, யோகராஜ்."



அப்போது வெளியே, திறந்து கிடந்த மேன்ஹோலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வயிறார உண்ட மனிதனின் நீண்ட ஏப்பம். குழியருகே நின்ற தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அதைத் தொடர்ந்து குரல் வந்தது. தணிந்த, கூச்சமான குரல்.

"இன்னுங் கொஞ்சம் போடும்மா."

அது அவன் அப்பாவின் குரல்.

அன்று மாலை லயத்துக்கு ஓடினான். கறுப்பையா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் பக்கத்து வீட்டுப் பாலம்மா கொடுத்த ரொட்டி மூடிய தட்டில் அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"பசிக்கல தம்பி. வெள்ளிக்கெழமையில இருந்து இப்பிடித்தான். யாரோ ஊட்டிவிட்ட மாதிரி வயிறு நெறஞ்சே கெடக்கு." அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலா எலும்புகள் எழும்பியிருந்தன. "நெறஞ்ச வயிறு இப்பிடியா இருக்கும்?"

பிறகு வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். மகனிடமும் நீட்டினார்.

"மோந்து பாரு. எத்தன தரம் கழுவினாலும் போகுதில்ல. இந்த வீட்டுல கருவாடு வாங்கி எவ்வளவு காலமாச்சு."

யோகராஜ் மோந்து பார்த்தான். அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வெளியே குழாயடியில் பெண்கள் வாளிக்குச் சண்டை போட்டார்கள், யாரோ சிரித்தார்கள், அந்தச் சத்தமும் ஓய்ந்தது.

"பொண்ணு வீட்ல என்னயக் கேட்டாங்களா?" என்றார் கறுப்பையா.

"கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஊர்ல இல்லன்னா?"

யோகராஜ் தலை குனிந்துகொண்டான். அப்பாவின் கை அவன் கைக்குள் ஒருமுறை இறுகித் தளர்ந்தது.



"சரி விடு," என்றார். "கோட்டு சூட்டுப் போட்டவங்க மத்தியில நான் வந்து என்னா பண்ணப் போறேன்." பிறகு, "படைச்சாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"பேரச் சொல்லியா?"

"ஆமா."

கறுப்பையா தன் கையை மறுபடியும் மோந்தார்.

"குழிக்குள்ள எறங்கி ஏறாமப் போனவங்க இருக்காங்க தம்பி. பேரு வச்சுப் படைக்க ஆள் இல்லாதவங்க. பசியில கெடக்குறவன் இது யாரு பேருன்னு பாப்பானா? கூப்புட்டா வந்துருவான்." அவர் குரலில் கோபமே இல்லை. "வந்தவன் சாப்புட்டுட்டுப் போகட்டும். பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை யோகராஜால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, லயத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டே சேதுராமனுக்குப் போன் பண்ணினான். எல்லாவற்றையும் சொன்னான். அப்பா இருக்கிறார். அவர் செய்த வேலை இது. நான் செய்யும் வேலை இது. இன்று உங்கள் வாசலில் வேனுக்குள் இருந்தவன் நான்தான்.

மறுபக்கம் சேதுராமன் மனைவியைக் கூப்பிட்டார். பிறகு போன் கை மாறியது.

"உசுரோட இருக்குற மனுசனுக்கா என்னயப் படைக்க வச்ச?" புஷ்பம் அழுதுகொண்டிருந்தாள். "என் கையாலயா?"

"அவரு சாப்புட மாட்டேங்குறாரு அத்தை. எளைச்சுக்கிட்டே போறாரு."

"கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல அந்த மனுசன ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. செத்தவருன்னு போட்ட கையால, உசுரோட இருக்கிறவருக்குன்னு சொல்லி நான் எல போடணும். அவரு உக்காந்து சாப்புடணும். அப்பதான் அது போகும். கேக்குதா? முன் வாசலால கூட்டிட்டு வா."

ஞாயிறு வருவதற்குள் கறுப்பையா பாதியாகியிருந்தார். பாலம்மா தோய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை அவர் தோளில் தொங்கியது. முச்சக்கர வண்டியில் மகனின் தோளில் சாய்ந்தே வந்தார். வீதி திரும்பும் இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். உச்சி வெயில். ஏரி கண்ணைக் கூசச் செய்தது.

"பின்பக்கமா போக ஒரு சின்ன ஒழுங்கை இருக்கு தம்பி. எனக்குத் தெரியும்."

"இல்லப்பா. முன் வாசல்."

அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்ற நிம்மதி அவனுக்குள் வந்திருந்தது. பச்சைக் கேட் தெரிந்தது. கேட்டருகே சேதுராமனின் கடைக்காரச் சிநேகிதர்கள் காரில் சாய்ந்தபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தவர்கள். அவனைத் தெரிந்தவர்கள்.

யோகராஜின் கால் நின்றது.

அப்பாவின் தொளதொளத்த சட்டையைப் பார்த்தான். ரப்பர் செருப்பைப் பார்த்தான். நகங்களின் ஓரத்தில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பைப் பார்த்தான்.

"அப்பா," என்றான். "கொஞ்சம் பொறுப்பமா? அவங்க போகட்டும்."

கறுப்பையா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி தம்பி," என்றார்.

மதில் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு அன்று பேச நிறைய இருந்தது. மதிலுக்கு அடியில், கானுக்குள், எதுவோ வழுக்கிக்கொண்டு மேல்நோக்கிப் போகும் சத்தம் கேட்டது. தண்ணீர் கீழேதான் ஓடும். யோகராஜ் அதைக் கேட்டான். கேட்காதது போல நின்றான்.

கார் போன பிறகுதான் கேட்டைத் திறந்தார்கள். புஷ்பம் வாசலுக்கே ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"ஒங்கப்பா எவ்வளவு நல்ல மனுசன் தம்பி! ஏன் தனியா அனுப்புன? பின்பக்கமா வந்து நின்னாரு, கால் எல்லாம் ஈரம். ஏன் இந்தப் பக்கம் வந்தீங்கன்னு கேட்டா, பழக்கம்மான்னாரு. எனக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு. உசுரோட இருக்குறவருக்குன்னு வாய் தொறந்து சொல்லித்தான் எல போட்டேன். வயிறாரச் சாப்புட்டாரு. நிஷாந்தியும் கால்ல விழுந்து கும்புட்டா."

அவள் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

யோகராஜ் வாயைத் திறந்தான்.

அவன் பேசுவதற்குள் கறுப்பையா சொன்னார். "தெரிஞ்சவன் தாயி. தம்பிக்குத் தொணைக்கு வந்தேன்."

உள்ளே, பின்கட்டில், தண்ணீர்க் குழாய் மூடப்படும் சத்தம். ஈரக் கால்கள் சிமெந்துத் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். ஒருவர் கூடத்துக்குள் வந்தார். சேதுராமனின் வேட்டியை உடுத்தியிருந்தார். அப்பாவின் முகம். ஆனால் கன்னம் நிறைந்த முகம். நிமிர்ந்த முதுகு. யாரையும் நேராகப் பார்க்கும் கண்கள். அந்தக் கண்களில் கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

"வாப்பா," என்று அது யோகராஜைக் கூப்பிட்டது. "ஏன் வாசல்லயே நிக்கிற?"

சேதுராமன் அதன் தோளில் கை போட்டிருந்தார்.

யோகராஜ் அதைப் பார்த்தான். கத்த வேண்டும் என்று நினைத்தான். இல்லை, அதற்கு முன்னால் வேறொன்றை நினைத்தான். ஒரு கணம்தான். கண் இமைக்கும் நேரம்.

இவரே இருந்துவிட்டால் என்ன.

அவன் பிடித்திருந்த கை, அவன் கைக்குள்ளேயே இல்லாமல் போனது.

திரும்பினான். கேட் திறந்து கிடந்தது. வெயில் மட்டும் வீதி முழுக்க நின்றது. இறங்கித் தேடினான். மதிலோரம், ஒழுங்கை, ஏரிக்கரை வரை. லயத்துக் கதவு பூட்டியபடியே இருந்தது. பாலம்மா யாரையும் காணவில்லை என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணவறைக்குப் பக்கத்தில் அந்தக் கன்னம் நிறைந்தவர் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் வாய் நிறைய வரவேற்றார். இப்போது மணமக்களோடு அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார். நிஷாந்திக்கு மாமனார் என்றால் உயிர். நன்றாகச் சாப்பிடுகிறார். அவர் அறையின் தரை மட்டும் எந்த வெயிலுக்கும் காய்வதில்லை. யோகராஜ் அவரை இன்றுவரை எதுவும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் சில சமயம் இருவர் கண்களும் சந்திக்கும். முதலில் தலை குனிவது யோகராஜ்தான்.

வேலைக்குத் தவறாமல் போகிறான். ஒவ்வொரு வீட்டுக் குழாயின் வாயிலும் கேமராவை நிறுத்தி, தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்து உள்ளே பார்க்கிறான். நல்ல கவனமான வேலைக்காரன் என்று றமீலா மேலிடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

போன வாரம் சந்தைப் பக்கம் ஒரு பழைய குழாய். வெளியே நல்ல வெயில். யோகராஜ் கேமராவின் தலையைத் திருப்பினான். அந்த வாயின் இருட்டில், மெலிந்து எலும்பாய்ப் போன ஒரு கை, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. வெளிச்சம் பட்டதும் விரல்கள் மெதுவாக விரிந்தன. எதையோ ஏந்திக்கொள்வதற்குப் போல. நகங்களின் ஓரத்தில் கறுப்பு.

றமீலா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்தாள்.

"அது என்ன, யோகராஜ்? சொல்லுங்க."

விரல்கள் காத்திருந்தன.

"வேர் மிஸ்," என்றான். "மர வேர்."

அப்படியே பதிவு செய்துவிட்டு, கேமராவை முன்னால் ஓட்டினான்.